ஞானஸ்நானத் தொட்டியடியில் ஒரு கேள்வி

ஆசிரியருக்கு,

சென்ற மாதம் எங்கள் பேரனுக்கு வெள்ளவத்தையில் ஞானஸ்நானம். இளம் போதகர் பிள்ளையைக் கையில் வாங்கி, நெற்றியில் தண்ணீர் வார்த்து, வழக்கமான 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால்' என்பதற்குப் பதிலாக 'படைப்பவர், விடுவிப்பவர், தாங்குபவர் பெயரால்' என்றார். பிள்ளை வீரிட்டு அழுதது. பக்கத்தில் நின்ற கொட்டாஞ்சேனைச் சம்பந்தியம்மா, கத்தோலிக்கர், என் காதில் கேட்டார்: "இது எங்கட கோயிலில செல்லுமோ?"

செல்லாது. இதே சொற்களில் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாதென்று வத்திக்கான் 2008இலேயே அறிவித்துவிட்டது.

போதகரில் எனக்குக் கோபமில்லை. வெள்ளம் வந்தபோது முழங்கால் தண்ணீரில் சோற்றுப் பார்சல் சுமந்தவர். 'பிதா' என்றதும் குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன் நினைவுக்கு வரும் பெண்கள் சபையில் இருக்கிறார்கள் என்றார். சரி, அது உண்மைதான். முப்பது வருடம் படிப்பித்த எனக்கும் அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தெரியும்.

ஆனால் படைப்பதும் விடுவிப்பதும் தாங்குவதும் மூன்று வேலைகள். பிதா, குமாரன் என்பவை உறவுப் பெயர்கள். படைப்பு பிதாவுக்கு மட்டுமா? குமாரன் மூலமாகவே சகலமும் உண்டானதென்று யோவான் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறதே. 325இல் திருச்சபை ஆயர்கள் நிக்கேயாவில் கூடிச் சண்டை பிடித்ததே குமாரன் யார் என்பதற்காகத்தான், என்ன வேலை செய்கிறார் என்பதற்காக அல்ல.

பிரசங்கத்தில் தாயென்றும் சொல்லட்டும், ஏசாயாவே சொல்லியிருக்கிறார். தண்ணீர் வார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் மத்தேயு 28:19இல் உள்ள 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவி' என்பதை அப்படியே சொல்லுங்கள். மாற்றுவதென்றால் பெற்றோரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6