படத்தின் கீழே அவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1930களில் அமெரிக்காவை உலுக்கிய பொருளாதார நெருக்கடியான பெருமந்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையோடு அந்தப் படத்தையும் போட்டிருந்தீர்கள். கன்னத்தில் விரல் வைத்து எங்கோ பார்க்கும் தாய், இரு தோளிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருக்கும் பிள்ளைகள், மடியில் அழுக்கு முகத்தோடு தூங்கும் கைக்குழந்தை. கீழே 'புலம்பெயர்ந்த தாய், 1936. படம்: டொரோதியா லாங்' என்று இருந்தது. எடுத்தவர் பெயர் இருக்கிறது, அந்த அம்மாவின் பெயரைக் காணோம்.

அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அமெரிக்கப் பழங்குடியான செரோக்கி வம்சம். கணவர் 1931இல் காசநோயில் போய்விட்டார். 32 வயதில் ஏழு பிள்ளைகளோடு, கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்தவர்கள் தங்கியிருந்த முகாமில் இருந்தபோதுதான் இந்தப் படம். உறைபனியில் பட்டாணி கருகி, அங்கே யாருக்கும் வேலை இல்லை. லாங் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று அவர் எழுதிவைத்ததை, விற்பதற்கு எங்களிடம் வேறு டயர் ஏது என்று மகனே பிற்பாடு மறுத்திருக்கிறார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு அனுப்பியது, ஆனால் அதற்குள் இவர்கள் வேலை தேடி வேறு ஊர் போய்விட்டார்கள். எனக்கு மனசு ஆறாத இடம் இது.

அதற்கப்புறமும் அவர் 47 வருஷம் வாழ்ந்தார், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. நூறு பவுண்டு எடைகூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு, விடியுமுன் காட்டில் இறங்கி இருட்டும்வரை பருத்தி எடுத்து, ஒரு நாளைக்கு 450, 500 பவுண்டு சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். படமோ அரசாங்கத்துக்காக எடுத்தது, அதனால் காப்புரிமை கிடையாது, அவர் கைக்கு ஒரு பைசா வரவில்லை. பெயர் வெளியே தெரிந்ததே 1978இல், கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் ஒரு நிருபர் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு. 1983இல் நோயில் படுத்தபோது பிள்ளைகள் உதவி கேட்க, முன்பின் தெரியாதவர்கள் 30,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அந்த வருஷமே, 80 வயதில், காலமானார்.

அசல் படத்தின் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல் தெரியும். படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று லாங் சில வருஷம் கழித்து அதை மறைக்கச் செய்துவிட்டார். நீங்கள் போட்டதும் அப்படி மறைத்த பிரதிதான். அடுத்த முறை விரல் தெரிகிற அசலையே போடுங்கள் ஐயா, கீழே அவர் பெயரோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி