ப்ளக்கைக் கழற்றாமல் செய்த பிரேக் சோதனை: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
டிபன் ட்ரெய்லர் உரிமையாளர்,
கம்பம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
ட்ரெய்லர் விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: வேலை செய்யாத பிரேக்அவே ஸ்விட்சுக்கு (ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் ஸ்விட்ச்) ‘சரி’ என்று சர்வீஸ் தாள் கொடுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ஒற்றை அச்சு டிபன் ட்ரெய்லரை இரண்டு வருடமாக பொலேரோவில் கட்டி இழுத்து வருகிறோம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் நாட்களில் குமுளியில் கடை. மற்ற மாதங்களில் கம்பம், கூடலூர் பக்கம் கல்யாணம், திருவிழா ஆர்டர்கள். இந்த வருடம் சீசனுக்கு முன்னால் உங்கள் சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் செய்து, முழுப் பணமும் கட்டி வண்டியை எடுத்து வந்தோம். சர்வீஸ் தாளில் ‘பிரேக்அவே ஸ்விட்ச்’ என்ற வரிக்கு நேரே ‘சரி’ என்று டிக் அடித்து, கீழே உங்கள் டெக்னீஷியன் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த டிக் தவறானது. எப்படித் தவறானது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் போனில் சொன்னபோது உங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருந்துவிட்டார்கள்.

வண்டி எந்த ரோட்டில் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். லோயர்கேம்ப் தாண்டியதும் குமுளி வரைக்கும் மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. சபரிமலைக் கூட்டம் அதிகமானால் போலீஸ் எங்களைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி விடுவார்கள், அதுவும் மலைதான். காலை நேரத்தில் இந்த இரண்டு பாதைகளிலும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக ஏறும். தண்ணீர் டேங்க், அடுப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிய ட்ரெய்லர் ஏற்றத்தில் கழன்றால் பின்னால் வரும் ஜீப்பின் மேல்தான் போய் விழும். பாதுகாப்புச் சங்கிலியும் அறுந்துபோனால் அதை நிறுத்த மிச்சம் இருப்பது அந்தச் சின்ன ஸ்விட்ச் ஒன்றுதான். ட்ரெய்லர் கழன்றால் பொலேரோவோடு மாட்டிய எஃகு வயர் ஸ்விட்சின் பின்னை இழுத்துவிடும், உடனே ட்ரெய்லரில் இருக்கும் பேட்டரியிலிருந்து கரண்ட் போய் பிரேக் பிடிக்க வேண்டும்.

சர்வீஸ் முடிந்து வந்த பிறகு, குமுளியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் டயர் பார்க்க வண்டியை விட்டிருந்தோம். பல வருடம் வளைகுடாவில் ட்ரெய்லர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். டயரைப் பார்த்து முடித்தவர், "அண்ணாச்சி, பிரேக்அவே டெஸ்ட் பண்ணியோ?" என்று கேட்டார். உங்கள் சர்வீஸ் தாளை எடுத்துக் காட்டினேன். அதை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் பொலேரோவிலிருந்து ட்ரெய்லருக்குக் கரண்ட் கொண்டுபோகும் 7 பின் ப்ளக்கைக் கழற்றினார். ஒரு சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, ஸ்விட்சின் பின்னை இழுத்தார்.

பின் வரவில்லை. உங்கள் ஆட்கள் ஏ-பிரேமில் (ட்ரெய்லரின் முன்பக்க இழுவைச் சட்டத்தில்) வெல்டிங் தொட்டுவிட்டு கறுப்பு பெயிண்ட் ஸ்ப்ரே செய்திருக்கிறார்கள். ஸ்விட்சை ஒரு துண்டு டேப் போட்டு மூடியிருக்கலாம், அதைச் செய்யவில்லை. பெயிண்ட் ஸ்விட்சின் வாயில் இறங்கிப் பின்னோடு சேர்ந்து காய்ந்திருக்கிறது. கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகி இழுத்த பிறகுதான் வெளியே வந்தது. வண்டி கழன்றிருந்தால் பின் வருவதற்கு முன்னால் அந்த மெல்லிய எஃகு வயரே அறுந்திருக்கும் என்றார்.

சரி, பின்தான் வந்துவிட்டதே, பிரேக் பிடித்ததா? பிடிக்கவில்லை. தூக்கி வைத்த சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் ட்ரெய்லர் பேட்டரி சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, பின்னை இழுத்து, சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் மின்காந்தங்களுக்குக் கரண்ட் போனதும் 6 வோல்ட்டுக்குக் கீழே விழுகிறது. நீங்கள் வைத்திருப்பது யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மாதிரியான ஒன்று. ஒரு சக்கரத்துக் காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், இரண்டு சக்கரத்துக்கு 6. நல்ல பேட்டரி என்றால் அதைத் தாராளமாகத் தாங்கும். மெக்கானிக் தன் கடையில் இருந்த நல்ல பேட்டரியை மாட்டினார், உடனே இரண்டு சக்கரமும் இறுகிவிட்டன. ஆக காந்தம், டிரம், வயரிங் எதிலும் குறை இல்லை. பேட்டரிதான் செத்துவிட்டது.

அப்படியானால் உங்கள் சர்வீஸ் சென்டரில் மட்டும் எப்படி ‘சரி’ ஆனது? வண்டியை எடுக்கப் போயிருந்தபோது அந்தச் சோதனையை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் அது நடந்தது. பொலேரோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, 7 பின் ப்ளக் மாட்டியபடியே இருந்தது. உங்கள் டெக்னீஷியன் பின்னை இழுத்தார், பொலேரோவை லேசாக நகர்த்தச் சொன்னார், ட்ரெய்லர் சக்கரம் பிடித்தது, டிக் அடித்தார். ப்ளக் மாட்டியிருந்தால் பொலேரோவிலிருந்து வரும் சார்ஜிங் வயர் ட்ரெய்லர் பேட்டரியோடு சேர்ந்தே இருக்கிறது. அன்றைக்குச் சக்கரத்தைப் பிடித்தது பொலேரோவின் கரண்ட். ட்ரெய்லர் கழன்று போகும்போது அந்த ப்ளக்கும் கூடவே பிய்ந்து போகும், அப்புறம் பொலேரோ கரண்ட் எங்கிருந்து வரும்? எந்த நிலைமைக்காக அந்த ஸ்விட்ச் இருக்கிறதோ அந்த நிலைமையை விட்டுவிட்டு மற்றதைச் சோதித்திருக்கிறீர்கள். போதாததற்கு, ப்ளக்கைக் கழற்றாமல் பின்னை இழுத்தால் கரண்ட் பின்னோக்கிப் போய் பொலேரோவுக்குள் இருந்து ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலரையும் கெடுக்கலாம். அதை மாற்ற ஆகும் செலவுக்கு எத்தனையோ சின்ன பேட்டரி வாங்கலாம்.

பேட்டரி ஏன் செத்தது என்பதற்கும் உங்களிடமே பதில் இருக்கிறது. ட்ரெய்லரை முதலில் ஒப்படைக்க வந்த உங்கள் ஊழியர், "சரிவில் நிறுத்தினால் இந்தப் பின்னை இழுத்து விடுங்கள், ஹேண்ட் பிரேக் மாதிரி" என்று என் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தார். போன சீசன் முழுக்க அவன் அப்படித்தான் செய்தான். சக்கரத்துக்குக் கட்டையும் வைப்பதால் பிரேக் பிடித்து நிற்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. பின்னை இழுத்துப் போட்டால் பேட்டரி காலியாகிற வரைக்கும் கரண்ட் ஓடும், காந்தமும் சூடாகும். இந்த வகைப் பேட்டரியை அடியோடு காலியாக்கி அப்படியே விட்டால் அது மறுபடி எழுந்திருக்காது. பின்னைச் சோதனைக்குச் சில நொடி இழுத்துவிட்டு உடனே திருப்பிச் செருக வேண்டும் என்று மெக்கானிக் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். உங்கள் கையேட்டில் இது ஒரு வரி கூட இல்லை. கையேட்டின் முதல் பக்கத்தில் அமெரிக்கத் தரம், பிரேக் 15 நிமிடம் பிடித்து நிற்கும் என்று மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அமெரிக்க விதியில் அந்த 15 நிமிடம் உண்மைதான். எங்கள் வண்டியில் அது 15 நொடி கூட நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சின் வயர் வளையத்தை உங்கள் ஆள் ஹிட்ச் பாலின் (ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டையின்) கழுத்திலேயே மாட்டிக் கொடுத்திருந்தார். பால் கழன்று போனால் வயரும் அதோடு போய்விடும், பின் இழுபடவே இழுபடாது. இப்போது பொலேரோவின் சேசிஸில் தனியாக ஒரு கொக்கி வைத்து மாற்றியிருக்கிறோம்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில்: "பேட்டரி தேய்மானப் பொருள் சார், வாரண்டியில் வராது." நான் பேட்டரியின் விலையைக் கேட்டு போன் செய்யவில்லை. இரண்டாவது முறை பேசியவர், "யாரும் அதை இழுத்துப் பார்க்கிறதில்லை சார், எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்றார். ஆபத்து நேரத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டிய ஒரு சாமானை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை என்று விற்றவரே சொன்னால் நான் என்ன செய்வது?

என் கோரிக்கை இதுதான். பெயிண்ட் ஏறிய ஸ்விட்சை மாற்றிப் புதியது போட வேண்டும். பேட்டரியும் உங்கள் செலவில் மாற்றப்பட வேண்டும், தவறான பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தது உங்கள் ஊழியர் என்பதால். சர்வீஸ் கட்டணத்தில் பிரேக் சோதனைக்கு எடுத்த தொகையைத் திருப்பித் தர வேண்டும். ட்ரெய்லரைக் கோயம்புத்தூருக்கு இழுத்து வரச் சொல்லாதீர்கள். உங்கள் ஆள் இங்கே வந்து, ப்ளக்கைக் கழற்றி, சக்கரத்தைத் தூக்கி வைத்து, என் முன்னால் பின்னை இழுத்துக் காட்டட்டும். இதே மாடலைக் குமுளியிலும் பாலக்காட்டுப் பக்கமும் சிலர் வாங்கியிருப்பதாக உங்கள் விற்பனைப் பிரிவே எனக்குச் சொல்லியிருக்கிறது. அவர்களுக்கும் சரியான சோதனை முறையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பக்கத்தில் அச்சடித்து அனுப்புங்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும் என்பதால், தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் சேவைக் குறைபாடு என்று மனு கொடுப்பேன். உங்கள் டெக்னீஷியன் கையெழுத்திட்ட சர்வீஸ் தாளின் நகல், பணம் கட்டிய ரசீது, பெயிண்ட் அப்பிய பின்னின் படங்கள், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது எடுத்த வீடியோ ஆகியவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழைய பேட்டரியையும் ஸ்விட்சையும் நானே பத்திரமாக வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ட்ரெய்லர் உரிமையாளர்,
கம்பம்.