கொழும்பு - திருச்சி ஒரு மணி நேரம். பொகவந்தலாவை - கோத்தகிரி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பயணப் பக்கத்தில் 'கொழும்பிலிருந்து திருச்சிக்கு ஒரே மணி நேரம்' என்று போட்டிருந்தீர்கள். தகவல் சரிதான். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு வான்வழியே 420 கிலோமீட்டர் அளவுதான் வரும். ஆனால் அந்த ஒரு மணி நேரக் கணக்கை நம்பித்தான் எங்கள் சொந்தக்காரர்கள் என் பெரியம்மாவின் உடலை வைத்துக்கொண்டு பகல் முழுக்கக் காத்திருந்தார்கள்.

பெரியம்மா, மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறிப் போய், நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் குடியேறியவர். போன மாசியில் ஓர் இரவு அவர் தவறிய செய்தி வந்தது. உயிரோடு பார்க்கலாம் என்று விசா எடுத்து வைத்திருந்தோம். மறுநாள் காலை பத்து மணி விமானத்தில் இடமும் கிடைத்தது. 'பத்துக்கு ஏறினா பதினொண்ணு, சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருவாங்க' என்று அங்கே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் பொகவந்தலாவைத் தோட்டத்து லயத்தை (வரிசை வீட்டை) விட்டு இறங்கியது நள்ளிரவு ஒரு மணிக்கு. நோர்வூட், ஹட்டன், கினிகத்தேனை என்று வேன் வளைந்து வளைந்து இறங்கியது. பனிமூட்டத்தில் சாரதி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் ஓட்டினார். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு இடத்தில் வாந்தி. அப்படியும் மடியிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. தன் அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை அதில் இருந்தது. கட்டுநாயக்க போய்ச் சேர ஆறரை. சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும் அல்லவா? பதினொன்றுக்குத் திருச்சியில் இறங்கி, குடிவரவு முடித்து, பெட்டியெடுத்து வெளியே வர பன்னிரண்டு தாண்டிவிட்டது. அப்புறம் கோயம்புத்தூர் பஸ், மேட்டுப்பாளையம், மறுபடியும் மலையேற்றம். கோத்தகிரியில் இறங்கியபோது இரவு ஒன்பதரை.

நான்கு மணிக்கே எடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. அம்மா அந்தச் சேலையைப் பெரியம்மா படத்தின் முன்னால் விரித்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

இருபதரை மணி நேரத்தில் விமானம் எடுத்தது ஒரு மணி நேரம். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான், அதனால் இதில் நேர வித்தியாசக் குழப்பமும் இல்லை. இத்தனைக்கும் பொகவந்தலாவைக்கும் கோத்தகிரிக்கும் நேர்கோட்டில் சுமார் 650 கிலோமீட்டர்தான்.

தங்கள் பத்திரிகையை மலையகத்தில் வீட்டுக்கு வீடு வாசிக்கிறார்கள். நீலகிரியிலும் திருச்சியிலும் சொந்தம் இல்லாத தோட்டம் இங்கே குறைவு. ஆகவே அடுத்த முறை விமான நேரம் போடும்போது, ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கட்டுநாயக்க போக ஆகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், இறங்கிய பிறகு பஸ்ஸில் போகும் நேரம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அதை வெட்டியெடுத்து அங்கே இருப்பவர்களுக்கும் அனுப்பி வைப்போம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொகவந்தலாவை.