பாஸ் பட்டன எடுத்துட்டு சீசன் பாஸ் குடுத்திருக்கீங்க

கஸ்டமர் சப்போர்ட்ல இத படிக்கிற சாருக்கோ மேடத்துக்கோ வணக்கம்.

உங்க கேம் சீரிஸ்ல நாலாவது பாகத்த நெட் இல்லாம ஆட முடியாத ஆன்லைன் கேமா மாத்திட்டீங்கன்னு ஏற்கனவே ரெண்டு தடவ இங்கிலீஷ்ல எழுதிட்டேன், ரெண்டு தடவையும் ஒரே பதில்தான் வந்துச்சு, ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு. எங்க வீட்டு ரூட்டர நான் ஆஃப் பண்ண வேண்டிய அவசியமே இல்லீங்க, ஒரு நாளைக்கு மூணு தடவ கரண்ட் ஆபீஸ்காரங்களே அந்த வேலைய பாத்துடுறாங்க. இந்த தடவ தமிழ்லயே எழுதுறேன். இங்கிலீஷ்ல எழுதுனா ஸ்பெல்லிங் பாக்குறதுலயே கோவம் பாதி இறங்கிடுது. நீங்க மெஷின்ல போட்டு படிச்சுக்கோங்க, எனக்கு வந்த பதிலும் மெஷின் எழுதுன மாதிரிதான் இருந்துச்சு.

நான் ரங்கூன்ல இருக்கேன், மேப்ல யாங்கோன்னு போட்டிருக்கும், எங்க வீட்ல யாரும் அப்படி சொல்றதில்ல. பகல்ல பயின்னாவுங் மார்க்கெட்ல பெரியப்பாவோட பருப்பு கடைல கணக்கு எழுதுறேன், உளுந்து, பாசிப்பயறு, துவரைன்னு பாதி சரக்கு இந்தியாவுக்கு போறதுதான். உங்க சீரிஸ்ல மொத மூணு பாகத்தையும் காசு குடுத்து வாங்குனவன் நான். இத ஏன் சொல்றேன்னா இந்த ஊர்ல ஒரிஜினல் கேம் வாங்குறவன பாத்தா கிறுக்கன்னு நெனப்பாங்க, என் ஃப்ரெண்டுங்களே நெனச்சாங்க.

ரெண்டாவது பாகத்த நான் எப்ப முடிச்சேன்னு சொல்லட்டுமா. 2021ல பிப்ரவரிலேர்ந்து ரெண்டு மாசத்துக்கு மேல இங்க ராத்திரி 1 மணிக்கு நெட்ட நிறுத்திடுவாங்க, காலைலதான் திரும்ப விடுவாங்க, மார்ச்ல மொபைல் டேட்டாவும் போச்சு. அந்த ராத்திரிங்கள்ல யாருக்கும் சரியா தூக்கம் கிடையாது, தெருவுல என்ன சத்தம் கேக்குதுன்னு காத தீட்டிக்கிட்டே படுத்திருப்போம், அக்கா பையன் அப்ப சின்னவன், பயந்துக்கிட்டு என் பாய்ல வந்து உக்காந்துக்குவான். சவுண்ட மியூட்ல போட்டுட்டு லேப்டாப்ப தொறந்து உங்க கேம ஆடுவேன், ஸ்க்ரீன்ல வர்ற வசனத்தையெல்லாம் அவன் காதுல தமிழ்ல சொல்லுவேன். அதுல ஆத்தங்கரைல ஒரு படகுக்காரர் வருவார்ல, ஒவ்வொரு தடவ அக்கரைக்கு போகும்போதும் வேற ஒரு கதை சொல்லுவாரே, அவருக்கு இவன் படகு தாத்தான்னு பேர் வச்சுட்டான். மிஷனே இல்லன்னாலும் சும்மா அக்கரைக்கும் இக்கரைக்கும் போயிட்டு வா மாமாம்பான், புது கதை வரும்னு. பதினோரு கதை நாங்க எண்ணிருக்கோம், அதுக்கு மேல இருந்தா சொல்லுங்க.

இப்ப நாலாவது பாகத்துக்கு வருவோம்.

ஆறு இருக்கு, படகும் இருக்கு, ஆனா கரைக்கு போனா ஒரு மெனு தொறக்குது, எங்க போகணுமோ அத தொட்டா அங்க போய் நிக்கிறோம். படகு தாத்தாவ காணோம். அவரோட தொப்பி மட்டும் கடைல இருக்கு, 800 காயின். அக்கா பையன் அத பாத்துட்டு தாத்தா செத்துட்டாரா மாமான்னு கேட்டான், இப்ப அவனுக்கு மீசை அரும்புற வயசு, கிண்டலாத்தான் கேட்டான், இருந்தாலும் எனக்கு சுருக்குன்னுச்சு. தாத்தா நின்ன எடத்துல வேற எவனோ ஒருத்தன், பச்சை கலர்ல ரெக்க வச்சுக்கிட்டு, குதிச்சு குதிச்சு ஆடிட்டு இருக்கான், அவனும் என்ன மாதிரி காசு குடுத்தவன்தான், அவன குறை சொல்லல.

ஃபால்அவுட் 76ன்னு ஒரு ஆன்லைன் கேம் 2018ல வந்தப்ப இதே கததான் நடந்துச்சு, ஊர்ல பேசுறதுக்கு ஒரு மனுஷ கேரக்டர்கூட இல்ல, மத்த பிளேயருங்கதான் மனுஷங்கன்னு விட்டாங்க, ஆளுங்க கத்துன கத்துல 2020 ஏப்ரல்ல மனுஷங்கள திருப்பி கொண்டாந்து வச்சாங்க. அது நடந்து இத்தன வருஷம் கழிச்சு நீங்க அதே குழில போய் விழுந்திருக்கீங்க. உங்க ஆபீஸ்ல யாருமே கேம் ஆட மாட்டாங்களா?

கரண்ட் விஷயத்துக்கு வர்றேன், உங்களுக்கு இது புரியாதுன்னு தெரியும், இருந்தாலும் படிங்க. எங்க ஏரியாவுக்கு நாலு மணி நேரம் கரண்ட் இருந்தா அடுத்த நாலு மணி நேரம் இருக்காது, அதுவும் அவங்க சொன்ன நேரத்துக்கு வந்தா. கரண்ட் வந்ததும் தெரு முழுக்க "மீ லா பி"ன்னு சின்னப் பசங்க கத்துவாங்க, கரண்ட் வந்துடுச்சுன்னு அர்த்தம், உடனே வீட்ல எல்லாரும் ஓடுவோம், ஒருத்தர் மோட்டார் போட்டு தண்ணி ஏத்தணும், ஒருத்தர் சோறு வைக்கணும், துணி அயர்ன் பண்ணணும், பேட்டரி, போன், லேப்டாப்னு எல்லாத்தையும் சார்ஜ்ல போடணும். அந்த நேரத்துல கேம் ஆடுனா எங்க அம்மா கரண்டியோட வந்து நிப்பாங்க. ஆக கரண்ட் இருக்குற நேரம் வேலை நேரம், கரண்ட் இல்லாத நேரம்தான் எனக்கு கேம் நேரம், லேப்டாப் பேட்டரில ரெண்டு மணி நேரம் ஓடும், ஃபேன் இல்லாம வேர்த்து ஊத்திக்கிட்டு ஆடுவோம், அது ஒரு சொகம். ரூட்டருக்கு சின்ன பேட்டரி வாங்கி வச்சேன், பிரயோஜனம் இல்ல, ஏன்னா தெரு முனைல இருக்குற ஃபைபர் பாக்ஸும் கரண்ட்லதான் ஓடுது. போன் நெட்ட ஷேர் பண்ணி பாத்தேன், எங்களுக்கு கிட்ட இருக்குற சர்வர் சிங்கப்பூர், அதுக்கே சாயங்காலத்துல பிங், அதாவது சர்வர்லேர்ந்து பதில் வர்ற நேரம், 300 மில்லிசெகண்டுங்குது, நான் கத்திய ஓங்குறதுக்குள்ள எதிராளி என்ன வெட்டிட்டு வேற வேலைக்கு போயிடுறான்.

மூணு பாகம் வரைக்கும் உங்க கேம் இந்த ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சுங்க. அதான் வயித்தெரிச்சல்.

அடுத்தது பாஸ் பட்டன். மூணு பாகத்துல ஆட்டத்த அப்படியே நிறுத்தி வைக்கிற பாஸ் இருந்துச்சு, நாலாவதுல காசு குடுத்து வாங்குற சீசன் பாஸ்தான் இருக்கு, தமிழ்ல ரெண்டையும் ஒரே மாதிரிதான் எழுதணும், நீங்களும் ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டீங்க போல. போன ஞாயித்துக்கெழம காலைல அதிசயமா கரண்ட் இருந்துச்சு, அம்மா கோயிலுக்கு போயிருந்தாங்க, சரின்னு ஆட உக்காந்தேன். நாங்க இருக்குறது அஞ்சாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்த ஊர்ல பால்கனிலேர்ந்து கீழ வரைக்கும் கயிறு தொங்கும், கயித்து நுனில கிளிப் இருக்கும், மேல ஒரு மணி கட்டிருக்கும், பேப்பர்காரரோ சாப்பாட்டுக்காரம்மாவோ கீழேர்ந்து இழுத்தா மேல மணி அடிக்கும், பைய கிளிப்ல மாட்டிட்டு போயிடுவாங்க, நாம தூக்கிக்கணும். அன்னைக்கு மொகிங்கா சொல்லிருந்தேன், மீன் குழம்பு ஊத்துன நூடுல்ஸ். நாலு பேரா சேந்து அந்த கல்லறை அரக்கன அடிச்சுட்டு இருக்கோம், மூணு பேர் எந்த ஊர்க்காரங்கன்னே தெரியாது, சரியா அந்த நேரம் பாத்து மணி அடிக்குது. பழைய கேமா இருந்தா ஒரு பட்டன், எல்லாம் அப்படியே நிக்கும், அரக்கன் ஓங்குன கை ஓங்குனபடி இருக்கும், நான் போய் கயித்த இழுத்து, குழம்பு சிந்தாம மேல கொண்டாந்து, சாப்ட்டு கை கழுவிட்டே வரலாம். இப்ப எஸ்கேப் அடிச்சா மெனுவுக்கு பின்னாடி சண்டை ஓடிட்டே இருக்கு. அந்தம்மா கீழ வெயில்ல நிக்கிறாங்க, விடவா முடியும், ஓடிப்போய் ரெண்டு நிமிஷத்துல வந்துட்டேன். வந்து பாத்தா நான் செத்துக் கெடக்கேன், மூணு பேரும் சாட்ல என்னென்னமோ திட்டிருக்காங்க, மூணு பாஷைல. அதுக்கு மேல அடுத்த மேட்ச்ல கரண்ட் போச்சு, பாதில விட்டுட்டு போனதுக்கு தண்டனைன்னு 30 நிமிஷம் என்ன உள்ள விடல உங்க கேம், நான் ஓடிப்போனவனாம்!

ஆன்லைன் கேமே வேணாம்னு சொல்ற ஆளில்ல நான். அக்கா பையனோட சேந்து போன்ல மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுவேன், அஞ்சு பேருக்கு அஞ்சு பேர், அது அதுக்குன்னே செஞ்ச கேம், ஒரு மேட்ச் சீக்கிரம் முடிஞ்சுடும், பிடிச்சு ஆடுறோம். டீக்கடைல நாலு பேரோட உக்காந்து பேசணும்னா டீக்கடைக்கு போவேன், என் ரூம்ல தனியா ஒரு கதைக்குள்ள போகணும்னுதான் உங்ககிட்ட காசு குடுத்தேன்.

அந்த காசையும் சொல்லிடுறேன். எங்க கார்டு உங்க ஸ்டோர்ல எடுக்காது, அதனால இங்க ஒரு கடைல கமிஷன் குடுத்து வாலட் கோடு வாங்கித்தான் ஏத்தணும். 2021க்கு முன்னாடி ஒரு டாலர் 1,300, 1,400 கியாட்டுக்குள்ள (எங்க ஊர் பணம்) இருந்துச்சு, 60 டாலர் கேம்னா 80,000 சொச்சம். இப்ப வெளி மார்க்கெட்ல டாலர் 4,000 பக்கம் நிக்குது, அதே 60 டாலர் ரெண்டரை லட்சம் கியாட் பக்கம் வந்துடுச்சு, கமிஷன் தனி. ஸ்டோர்ல தனியாவும் ஆடலாம்னு போட்டிருந்தீங்க. கீழ சின்ன எழுத்துல இன்டர்நெட் தேவைன்னும் இருந்துச்சு, ஒத்துக்குறேன், பாத்தேன், டவுன்லோட் பண்றதுக்குன்னு நெனச்சுட்டேன், அது என் முட்டாள்தனமாவே இருக்கட்டும். ஆனா தனியா போனாலும் அரக்கனோட பலம் நாலு பேருக்கு வச்ச அளவுலயே இருக்குதே, அத எந்த எழுத்துல போட்டிருந்தீங்க? ரீஃபண்ட் கேட்டதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடிட்டீங்க, முடியாதுன்னு பதில். அந்த ரெண்டு மணி நேரத்துல நான் ஆடுனது அரை மணி நேரம்கூட இருக்காது, மிச்சமெல்லாம் ஆள் சேரட்டும்னு லாபில நின்னதும் கனெக்ட் ஆகுது கனெக்ட் ஆகுதுன்னு வட்டம் சுத்துனதும்தான்.

நாங்க கடைல ஒரு மூட்டை உளுந்து வித்தா அதோட முடிஞ்சுது. நீங்க இட்லிக்கு ஊறப் போடும்போதெல்லாம் எங்க கடைக்கு ஒரு போன் போடணும், நாங்க எடுத்தாத்தான் அரைக்கணும், கடைய மூடிட்டா உங்க வீட்ல இருக்குற உளுந்தும் செல்லாதுன்னு சொன்னா எவனாவது வாங்குவானா? தி க்ரூன்னு ஒரு கார் கேம், 2014ல வந்தது, 2024 மார்ச் 31ஓட சர்வர மூடிட்டாங்க, தனியா ஆடுற கதையும் சேந்து போச்சு, வாங்குனவன் கைல ஒண்ணும் இல்ல. உங்க நாலாவது பாகத்துக்கும் அந்த நாள் ஒண்ணு இருக்கும்ல.

ஆஃப்லைன்ல விட முடியாது, டெக்னிக்கலா பெரிய வேலைன்னு சொல்லுவீங்க, தெரியும். 2013 மார்ச்ல சிம்சிட்டிங்கிற கேம் வந்தப்ப சர்வர் தாங்காம வாங்குனவங்க உள்ளயே போக முடியல, அப்ப அவங்களும் பெரிய வேலைன்னுதான் சொன்னாங்க, ஒரு வருஷம் கழிச்சு 2014 மார்ச்ல ஆஃப்லைன் மோடு குடுத்தாங்க. டிராகன் க்வெஸ்ட் சீரிஸ்ல பத்தாவது பாகத்த 2012ல ஆன்லைன் கேமா விட்டாங்க, அதுக்கே 2022ல ஜப்பான்ல ஆஃப்லைன் வெர்ஷன் வந்துச்சு. எனக்கு ரொம்ப உறுத்துறது ரெட்ஃபால்ங்கிற கேம்தான். 2023 மே மாசம் வந்துச்சு, ஓடல, அடுத்த வருஷம் மே மாசம் அந்த ஸ்டூடியோவையே மூடுறோம்னு அறிவிச்சுட்டாங்க, அப்படியும் கடைசி அப்டேட்ல ஆஃப்லைன் மோடும் தனியா ஆடும்போது பாஸ் பண்ற வசதியும் வச்சுட்டுத்தான் போனாங்க. வேலை போகப் போகுதுன்னு தெரிஞ்ச ஆளுங்க செஞ்ச வேலைய, சம்பளம் வாங்கிட்டு இருக்குற உங்களால செய்ய முடியாதா?

எனக்கு வேண்டியது இவ்ளோதான். நாலாவது பாகத்துல நெட் இல்லாம தனியா ஆட ஒரு வழி, அதுல பாஸ், ஒரு ஆளுக்கு ஏத்த அரக்கன். அது எப்ப வரும்னு தேதி சொல்லுங்க, இல்லன்னா காச வாலட்லயே திருப்பிப் போடுங்க, கமிஷன நான் கேக்கல. படகு தாத்தாவ கொண்டு வருவீங்களா மாட்டீங்களான்னு உங்க மனசாட்சிக்கு விட்டுடுறேன்.

இன்னொண்ணு, இதத்தான் மொதல்ல எழுதிருக்கணும். போன மாசம் வந்த அப்டேட்ல பழைய மூணு பாகத்தையும் கேம தொறக்குறதுக்குன்னு விட்ட புது லாஞ்சருக்குள்ள தூக்கிப் போட்டுட்டீங்க, இப்ப அதுக்கும் ஒவ்வொரு தடவையும் நெட்ல லாகின் பண்ணாத்தான் தொறக்குது. நாலாவது பாகம் நீங்க புதுசா செஞ்ச பண்டம், பிடிக்கலன்னா விலகிக்கலாம். ஆனா அந்த மூணும் நான் எப்பவோ காசு குடுத்து முடிச்சது, ரெண்டாவது பாகத்துல மட்டும் 212 மணி நேரம் சேவ் பண்ணி வச்சிருக்கேன், அது என் லேப்டாப்லதான் இருக்கு, அத தொறக்க நான் எதுக்கு உங்ககிட்ட கேக்கணும்? இத மட்டும் உடனே பழையபடி ஆக்குங்க, மத்ததுக்கு கொஞ்சம் பொறுத்துக்குறேன்.

இப்ப ராத்திரி மணி 8.40. 9 மணிக்கு கரண்ட் போயிடும், 1 மணிக்குதான் வரும். லேப்டாப்ல ஃபுல் சார்ஜ் இருக்கு, அக்கா பையன் ரெண்டாவது பாகத்த போடு மாமான்னு பக்கத்துல உக்காந்திருக்கான். போட முடியாதுன்னு அவன்கிட்ட இன்னும் சொல்லல. பதில எப்ப வேணா அனுப்புங்க, மோட்டார் போட எப்படியும் 1 மணிக்கு எழுந்திரிப்பேன், அப்ப பாக்குறேன்.

இப்படிக்கு,
ரங்கூன்லேர்ந்து உங்க பழைய கஸ்டமர்