வரகு கொண்டுவந்த சம்பந்திக்கும் தண்ணீர் தந்த மேலவூருக்கும்

உள்ளூர், வெளியூர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு வைகாசியில் குடமுழுக்கு நல்லபடியாக நடந்தது. 12 வருஷத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டியது. எங்களுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயலில் தெற்கு மதில் மேல் புளியமரம் சாய்ந்தது. கூரையும் தென்னையும் போய் நின்ற நேரத்தில் மதிலை யார் பார்ப்பது? அப்புறமும் பார்க்கவில்லை என்பதுதான் நிஜம். விமானத்தில் அரசங்கன்று வேர்விட்டுச் சுதையைப் பிளந்த பிறகுதான் உறைத்தது.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தார்கள். அதோடு விடாமல், வேலை முடிந்த கையோடு வந்து கடுக்காய் இடித்தார்கள், சுண்ணாம்பு சலித்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பை அரைத்துத்தான் பூச வேண்டும் என்று ஸ்தபதி சொன்னபோது, "சிமென்ட் போட்டா ரெண்டு நாள்ல முடியுமே" என்று குறுக்கே பேசியவன் நான். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அவருக்கும், கருங்கல் தூணில் எனாமல் பெயின்ட் அடிக்கவே கூடாதென்று ஒற்றைக்காலில் நின்ற கல்லூரித் தம்பிக்கும் நன்றி. தம்பி, அன்றைக்குத் திட்டியதை மனசில் வைக்காதே.

கலசத்தில் நிரப்ப வரகு வேண்டும். நம்முடையது நெல் பூமி, வரகுக்கு எங்கே போவது? பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்த மருமகள் தாய்வீட்டுக்குப் போன் போட்டாள். மூன்றாம் நாள் அவள் அப்பா மடியில் மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். காசு கேட்டால், "சீர் வரிசைக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?" என்றார்.

தண்ணீர்தான் பெரும்பாடு. ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வர நாளாகும். வைகாசியில் குளம் காய்ந்து கிடந்தது. போர் போட்டால் உப்பு. யாகசாலைக்கும் அன்னதானத்துக்கும் என்ன செய்வதென்று முழித்தபோது, வருஷா வருஷம் மடைத் தண்ணீருக்கு எங்களோடு மல்லுக்கு நிற்கும் மேலவூர்க்காரர்கள் டிராக்டரில் டேங்கர் கட்டி 11 நடை அனுப்பினார்கள். டீசலுக்குக்கூட வாங்கவில்லை. சம்பா பருவத்தில் சண்டை மறுபடி வரும். அது வேறு கணக்கு.

பந்தல் வாடகையே வேண்டாம் என்ற முத்துப்பேட்டை பாய், எல்லைப் பிடாரிக்கு முதல் பொங்கல் வைத்து உத்தரவு வாங்கித் தந்த பூசாரித் தாத்தா, சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளைகள், எல்லோருக்கும் கும்பிடு. ஒருகால பூஜைச் சம்பளத்தில் மூன்று கோயிலுக்கு மொபெட்டில் அலையும் குருக்களுக்கு நாங்கள் பட்ட கடன் இந்தக் குடமுழுக்கோடு தீராது.

மண்டலாபிஷேகம் 48 நாளும் சாயங்காலம் சுண்டல் உண்டு. மடப்பள்ளியில் இரண்டு அண்டா, ஒரு சாரணி மிச்சம் இருக்கிறது. அண்டாவில் பேர் வெட்டியிருக்கிறது, தேய்ந்துபோனதால் படிக்க முடியவில்லை. யாருடையதோ, வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.