கள்ளுக்கடை அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். நெற்றியில் தையல் ஆறி வருகிறது, நேற்று ராத்திரி கொஞ்சம் தூங்கவும் செய்தான். அவனுக்கு ஹண்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய், கையும் காலும் தன்னால ஆடும். கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கத்தில் அவனைக் குடிகாரன் என்று நினைத்து ஆட்கள் சூழ்ந்துகொண்டது ஊருக்கே தெரியும். அதை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கள்ளுக்கடை அண்ணனுக்கு. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்று ஆளாளுக்குக் கத்தியபோது, கடையிலிருந்து இறங்கி வந்து குறுக்கே நின்றவர் அவர். "கள்ளு ஊத்திக் குடுக்கறவன் நான் சொல்றேன். இவரு எங்க கடைப்படி ஏறினதே இல்ல. வேணும்னா வாயை மோந்து பாருங்க. குடிச்சவனுக்குக் கால் தள்ளாடும். இப்படிக் கையும் காலும் தன்னால வெட்டி இழுக்காது" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் ஓங்கிய கைகள் இறங்கின.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் கடைத் திண்ணையில் இருந்தார்கள். அண்ணனின் வலது கை நிற்காமல் ஆடி அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கையைத் தன் கக்கத்தில் வலிக்காமல் இடுக்கிக்கொண்டு, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பூன் கொடுத்து, தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்தது. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "இனி இந்தப் பக்கம் வந்தா என்ன குடுக்கலாம் தங்கச்சி? தண்ணி பொறையேறுது போல." கஞ்சி பதத்துக்குக் கெட்டியாக எதைக் கொடுத்தாலும் சரி அண்ணா என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

இந்த ஹண்டிங்டன் நோய் இருக்கும் வீடுகளுக்குக் குடிகாரப் பட்டம் புதிதல்ல. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நாள் காலை, லியோனோர் வெக்ஸ்லர் என்ற அம்மா கோர்ட்டுக்கு ஜூரியாகப் போய்க்கொண்டிருந்தார். காலையிலேயே குடிக்க வெட்கமாக இல்லையா என்று ஒரு போலீஸ்காரர் அவரை அதட்டினார். அது இந்த நோய் என்று 1968-இல் தெரியவந்தது. அவருடைய மகள் நான்சி உளவியல் படித்தவர். தன் வாழ்க்கையையே இந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார். 1979 முதல் பல வருடங்கள் வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களுக்குப் போனார். தலைமுறை தலைமுறையாக நோய் இறங்கிவந்த அந்தக் குடும்பங்களில் 18,000 பேருக்கும் மேல் கொண்ட வம்சாவளியை அவர் குழு எழுதியது. ஆயிரக்கணக்கானோர் ரத்தம் கொடுத்தார்கள். அங்கே நோயாளிகளை அவர் கட்டிப்பிடித்துக்கொள்வாராம். அதைப் படித்தபோது தோன்றாத ஒன்று, திண்ணையில் அந்த அண்ணனைப் பார்த்தபோது புரிந்தது.

அந்த ரத்தத்தின் துணையால்தான் 1983-இல் நோயின் இடம் நாலாவது குரோமோசோம் என்று தெரிந்தது. 1993-இல் மரபணுவே கிடைத்தது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்று மரபணு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அந்த எண்ணிக்கை 40-ஐத் தொட்டுவிட்டால், ஆயுசு இருந்தால் நோய் வந்தே தீரும். அண்ணனின் ரிப்போர்ட்டில் இருப்பது அந்த எண்ணிக்கைதான். அன்று போலீஸ் ஸ்டேஷனில் நான் நீட்டியதும் அந்த ஒரு தாளைத்தான். எங்கோ ஏரிக்கரையில் இருக்கிற ஏழை மீனவர்கள் கை நீட்டி ரத்தம் கொடுத்திருக்காவிட்டால் அந்தத் தாள் ஏது? அவர்களுக்கும் என் நன்றி. என் தமிழ் அவர்களுக்குப் போய்ச் சேராது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராத்திரியென்றும் பாராமல் வந்த ஆட்டோ தம்பி, தையல் போட்ட டாக்டர், ஸ்டேஷனுக்குக் கூட வந்த வார்டு மெம்பர், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு அக்கா, போனில் அம்மாவைத் தேற்றிய சொந்தபந்தங்கள், உங்கள் எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு வந்தது. எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அதை யாரும் கேட்க வேண்டாம். நான்சி வெக்ஸ்லரே தனக்கும் அந்த நோய் இருப்பதை 2020-இல்தான் வெளியே சொன்னார். ஆனால் ஆராய்ச்சிக்கு ரத்தம் வேண்டும் என்று யார் கேட்டாலும் என் கையை நீட்டுவேன். இது சத்தியம்.

அண்ணனின் போட்டோ, என் போன் நம்பர், "இது போதையல்ல, நரம்பு நோய். தண்ணீரை மெதுவாகக் கொடுக்கவும்" என்ற வரி, இவ்வளவும் தமிழிலும் மலையாளத்திலும் போட்டுக் கார்டு அடிக்கக் கொடுத்திருக்கிறேன். முதல் கார்டு கள்ளுக்கடைக்கு. வேலந்தாவளம், ஒழலப்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கம் கடை வைத்திருப்பவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன்.