மரத்துக்கு ஒரு சோதனைக் குழாய் கொடுங்கள்

டி.என்.ஏ. ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் முடிவறிக்கை வந்தது. அதில் 'நகேயா – 1' என்று ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து வரிசைதான் இருந்தது. நாங்கள் அனுப்பியது 31 நகேயா மரங்களின் இலை. மரத்துக்கு ஓர் உறை, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், மேலே மரத்தின் எண். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அரைத்துவிட்டீர்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தானாக வளரும் ஒரே ஊசியிலை மரம் நகேயாதான். பெயர்தான் ஊசியிலை; இலை அகலமானது. அதனால் அகத்தியமலைக் காட்டில் மற்ற மரங்களோடு கலந்து நிற்கும். காலில் அட்டை ஏற ஏற, கீழே கிடக்கும் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். நடுநரம்பு இல்லாத இலை கையில் சிக்கிய பிறகுதான் அண்ணாந்து மரத்தைத் தேடுவோம். ஒரு நாளில் மூன்று மரம் கிடைத்தால் அதுவே பெரிது.

கேட்டதற்கு, "ஒரே இனம்தானே, பசுங்கணிக டி.என்.ஏ. எல்லா மரத்திலும் ஒன்றாகத்தானே இருக்கும்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அப்படி இல்லை. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரு மரத்துக்கு 'ஏ' என்ற டி.என்.ஏ. எழுத்து 10 முறை தொடர்ந்து வரும். பக்கத்து மரத்துக்கு 11 முறை வரலாம். வட அமெரிக்காவின் சிவப்புப் பைனில் நொதிகளை வைத்துப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு ஏறக்குறைய எதுவுமே தெரியவில்லை. 1998-இல் பசுங்கணிகத்தின் இந்தச் சின்ன எண்ணிக்கைகளை மரம் மரமாகப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது.

ஊசியிலை மரங்களில் பசுங்கணிகம் பெரும்பாலும் மகரந்தம் வழியாக, அப்பா மரத்திடமிருந்து வருகிறது. அதிலுள்ள அடையாளங்கள் பிரியாமல் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். எந்த மரத்தில் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான், இந்த மலையின் மகரந்தம் அந்த மலைக்குப் போயிருக்கிறதா என்று கேட்கவே முடியும். அரைத்த பொடியில் 10-உம் இருக்கும், 11-உம் இருக்கும். எது எந்த மரத்துடையது என்று இனி யார் சொல்வது?

தரவுத்தளங்களிலும் இதே நிலைமைதான். எத்தனையோ இனங்களுக்கு ஒரே ஒரு மரத்தின் வரிசைதான் இருக்கிறது. அதுவே இனத்தின் வரிசை என்று ஆகிவிடுகிறது. நாற்றங்காலுக்கு விதை எடுக்கும்போதும் கைக்கு எட்டிய தாய் மரமே போதும் என்கிறார்கள். காட்டில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு மரமும் தனி ஆள் என்பதை எத்தனை முறைதான் சொல்வது?

சரி, கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: மரத்துக்கு ஒரு குழாய். செலவு கூடும் என்றால் மரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறோம். தயவுசெய்து கலக்க மட்டும் வேண்டாம். 12 மரங்களின் இலை எங்களிடம் இன்னும் மீதம் இருக்கிறது. மற்ற 19 மரங்களுக்கு மழை விட்டதும் மறுபடி ஏறுவோம். அந்த 12 உறைகளை இப்போது அனுப்பலாமா என்று ஒரு வரி எழுதுங்கள்.